ஓணம் தாயிடம், பொங்கல் தந்தையிடம்: பிரிந்த பெற்றோருக்கு எழுத்தில் ஒரு திட்டம்

புது தில்லி: திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் பேருந்து நெடுமங்காட்டையும் விதுராவையும் தாண்டியதும் கல்லாறு வருகிறது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வாமனபுரம் ஆறு உருண்ட கற்களின் மீது ஓடி இறங்கும் இடம். ஊரின் பெயருக்குத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. மலைத்தொடருக்கு அப்பால் நெல்லைச் சீமை.

நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் சட்டமாகாமல் இருக்கும் ஒரு பரிந்துரைக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால், அந்தப் பரிந்துரை எதற்காக எழுதப்பட்டது என்பதைத் தில்லியில் இருந்துகொண்டு புரிந்துகொள்வதைவிட, இத்தகைய ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாய்க்குக் கல்லாறு. தந்தைக்கு அம்பாசமுத்திரம். இருவரும் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தபோது மணம் முடித்தவர்கள். இப்போது ஒத்துவரவில்லை, பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து கோருகின்றனர். ஏழு வயதில் ஒரு மகள். தாய் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். தந்தை தனது ஊருக்கு அருகிலேயே வேலை தேடிக்கொண்டார். இருவரிடையே அடிதடி இல்லை. பணத் தகராறும் பெரிதாக இல்லை. மகளை இருவருமே நேசிக்கின்றனர்.

இவர்களது மனுவில் குழந்தையைப் பற்றி எத்தனை வரிகள் இருக்கும்? பெரும்பாலும் இரண்டு வரிகள். 'குழந்தை தாயின் பராமரிப்பில் இருக்கும். தந்தை மாதத்தில் இரண்டு நாள்கள் பார்த்துக்கொள்ளலாம்.' நகைகளுக்கும் பாத்திரங்களுக்கும் பட்டியல் நீளும். வீட்டுக் கடனுக்குத் தனிப் பத்தி இருக்கும். குழந்தைக்கு இரண்டு வரிகள்தான்.

சச்சரவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்த இரண்டு நாள்கள்? எங்கே பார்ப்பது? இரவு தங்கலாமா? மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் அந்த நாளுக்குப் பதில் நாள் உண்டா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் முடிவு செய்வது? தந்தையின் தாயார் பேத்தியைப் பார்க்க வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது? இவற்றில் ஒன்றுக்கும் அந்த இரண்டு வரிகளில் விடை இல்லை. விடை இல்லாத ஒவ்வொரு கேள்வியும் ஒரு மனுவாகிறது. ஒவ்வொரு மனுவும் ஒரு வாய்தாவாகிறது.

இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டு, பெற்றோர் இருவரும் உட்கார்ந்து, விடைகளை எழுத்தில் வைத்துக்கொள்வதற்குத்தான் 'குழந்தை வளர்ப்புத் திட்டம்' என்று பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1987-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் இதைக் கட்டாயமாக்கியது. தென் ஆப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. சிங்கப்பூரில் குழந்தைகள் உள்ள தம்பதியர் விவாகரத்துக்கு மனு செய்யும்போது திட்டத்தையும் சேர்த்துத் தாக்கல் செய்வது பழகிப்போன நடைமுறை. கனடா 2021 மார்ச் மாதம் முதல் தனது விவாகரத்துச் சட்டத்திலிருந்து 'காவல்', 'பார்வை உரிமை' என்ற பொருள் தரும் சொற்களையே நீக்கிவிட்டது.

இந்தியாவில் இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை.

சட்ட ஆணையம் சொன்னது என்ன?

குழந்தைகளின் பாதுகாவலர் தொடர்பான பொதுச் சட்டம் ஆங்கிலேயர் காலத்தியது. 1890-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாதுகாவலர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இந்துக்களுக்கு இதனுடன் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் பொருந்தும். விவாகரத்து வழக்கின் ஊடாகக் குழந்தை குறித்து ஆணையிட இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் என்று தனித்தனியே வழி உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: குழந்தையின் நலனே முதன்மையானது. அந்த நலனை நாள்வாரியாக எப்படிப் பிரித்து எழுதுவது என்பதை மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-ஆம் ஆண்டு மே மாதம் அளித்த 257-ஆவது அறிக்கை இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டுக் கருத்துகளும் பெறப்பட்டன. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயத்தையே சேர்க்கலாம் என்றது ஆணையம். கூட்டுப் பராமரிப்பு ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு வெளிப்படையான அதிகாரம், தேர்ந்த சமரசர்கள் மூலம் காலவரம்புக்கு உட்பட்ட பேச்சுவார்த்தை, குழந்தையின் செலவுக்கான தொகை, தாத்தா - பாட்டிக்கு நேரம், ஊர் மாறிச் செல்லும் பெற்றோர் பின்பற்ற வேண்டியவை, பள்ளி - மருத்துவ ஆவணங்களைப் பார்க்கும் உரிமை ஆகியவை அதில் இடம்பெற்றன. வளர்ப்புத் திட்டம் ஒன்றைத் தயாரிப்பதற்கான நெறிகளும் இருந்தன.

இந்த அறிக்கையைப் பற்றிப் பேசுவோர் பலர் கவனிக்கத் தவறும் அம்சம் ஒன்று உண்டு. கூட்டுப் பராமரிப்பே இயல்பானது என்ற முன்அனுமானம் கூடாது என்று ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு வழக்கிலும் குழந்தையின் நலனை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் நிலை. தந்தையர் அமைப்புகள் சில எதிர்பார்த்தது இதை அல்ல. ஆனால், ஆணையத்தின் எச்சரிக்கையில் நியாயம் இருந்தது என்பதைப் பின்னால் ஆஸ்திரேலியா காட்டியது. 2006-இல் சமப் பொறுப்பு என்ற முன்அனுமானத்தைச் சட்டமாக்கிய அந்நாடு, 2023-இல் அதை நீக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 2024 மே மாதம் முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

நாடாளுமன்றத்தில் இதன் பயணம் மிக மெதுவானது. 2010-இல் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டத்தின் மூலம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் தந்தையுடன் தாயும் சேர்க்கப்பட்டார். அதுவும் 1989-ஆம் ஆண்டு சட்ட ஆணையம் தனது 133-ஆவது அறிக்கையில் சுட்டிக்காட்டிய குறைகளைத் தொட்டது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது. 257-ஆவது அறிக்கைக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 ஆகஸ்டில், பணியாளர், பொதுமக்கள் குறைதீர்ப்பு, சட்டம் மற்றும் நீதித் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு சுஷில் குமார் மோடி தலைமையில் தனது 118-ஆவது அறிக்கையைத் தாக்கல் செய்தது. தாயையும் தந்தையையும் சமமான இயற்கைப் பாதுகாவலர்களாக ஏற்க வேண்டும். குழந்தையின் நலனுக்கு உகந்ததாயின் கூட்டுப் பராமரிப்புக்கு ஆணையிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. கட்சி பேதமின்றிப் பேசக்கூடிய பொருள் இது. எனினும், இதனால் எவருக்கும் வாக்கு கூடுவதில்லை என்பதால்தானோ என்னவோ, அவசரம் காட்டுவார் இல்லை.

'அவருக்குப் பிறகு தாய்'

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இந்துக் குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, 'அவருக்குப் பிறகு தாய்' என்கிறது. ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது அதிலேயே உள்ள சலுகை.

இந்தச் சொற்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். தன் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்க 1984-இல் விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விண்ணப்பத்தைத் திருப்பியது. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் வாதாடினார். தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அமர்வு 1999 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 'பிறகு' என்பதை 'தந்தையின் மறைவுக்குப் பிறகு' என்று கொள்ளத் தேவையில்லை. 'தந்தை இல்லாத நிலையில்' என்று கொள்ள வேண்டும் என்றது அமர்வு. குழந்தையின் நலனில் தந்தை அக்கறையின்றி இருப்பதும், ஒப்பந்தப்படி குழந்தை தாயின் முழுப் பொறுப்பில் இருப்பதும் அத்தகைய நிலைகளே. பிரிவு செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை. அதன் வாசகம் மாறவில்லை. வாசிக்கும் விதம் மாறியது.

கல்லாறு இருக்கும் மண்ணுக்கு இந்தச் சட்டத்தின் தந்தைவழிச் சிந்தனை வெகு காலம் அந்நியமாகவே இருந்தது. மருமக்கத்தாயம் நிலவிய குடும்பங்களில் குழந்தை தாயின் தறவாட்டைச் சேர்ந்தது. காரணவரான தாய்மாமனே பொறுப்பாளர். தந்தை வந்து போகும் விருந்தினர்தான். திருவிதாங்கூர் நாயர் சட்டம் 1925-இல் தனிநபர் பாகப்பிரிவினைக்கு வழிவிட்டபின் தறவாடுகள் சிதறத் தொடங்கின. கூட்டுக் குடும்ப முறையை ஒழித்துக் கேரளம் 1975-இல் சட்டம் இயற்றியதும் அந்த முறைக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் தந்தைக்கு உரிமையே இல்லாதிருந்த மண்ணில், பின்னர் தந்தையே முதல் பாதுகாவலர் என்ற சட்டம் வந்தது. இரண்டிலும் குழந்தை எவரேனும் ஒருவருக்குத்தான் உரியது. இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு இரண்டிலும் இல்லை.

நீதிமன்ற வாசலில் கைமாறும் குழந்தை

சட்டம் மௌனமாக இருக்க, நீதிமன்றங்களே வழி தேடின. குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. பெங்களூரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு ஒன்று ஏறத்தாழ ஒரு வளர்ப்புத் திட்டமாகவே அமைந்தது. ஜனவரி முதல் ஜூன் வரை குழந்தை தந்தையிடம். ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடம். உடன் இல்லாத பெற்றோர் சனி, ஞாயிறுகளில் வந்து பார்க்கலாம். கல்விச் செலவு சரிபாதி. தொலைபேசியிலும் காணொளியிலும் பேசலாம். சட்ட ஆணையமும் தனது அறிக்கையில் இதைக் குறிப்பிட்டது.

2020 ஜனவரியில் நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்த போஸ் ஆகியோர் அளித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. பார்க்கும் உரிமைக்கு அப்பால் 'தொடர்பு உரிமை' என்ற ஒன்றைச் சுட்டிக்காட்டிய அத்தீர்ப்பு, வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும் பெற்றோர் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் குழந்தையுடன் பேச வாய்ப்பு இருக்க வேண்டும் என்றது. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் மிகுந்த கேரளத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

கேரளத்தில் வேறொரு வேதனை உண்டு. குழந்தையைக் கைமாற்றும் இடமாகக் குடும்பநல நீதிமன்ற வளாகமே குறிப்பிடப்படுவது வழக்கமாகிவிட்டிருந்தது. சனிக்கிழமை காலை, பூட்டிய வாயிலின் முன் தாய் ஒருபுறம், தந்தை ஒருபுறம், நடுவே பள்ளிப் பையுடன் குழந்தை. இரு நீதிபதிகள் அமர்வு 2025-இல் இதைக் கண்டித்தது. தவிர்க்க இயலாத சூழலில், காரணத்தைப் பதிவு செய்த பிறகே நீதிமன்ற வளாகத்தைக் கைமாற்றும் இடமாக்கலாம். மற்றபடி இரு தரப்பும் ஏற்கும் பொதுவான இடம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும் என்பது அமர்வின் கருத்து.

நீதிமன்றம் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குழந்தையைப் பார்க்க வரும் முன்னாள் கணவரை விருந்தினராகக் கருதித் தேநீரும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்கு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் ஆணையிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. தேநீர் தருவதும் தராததும் அவரவர் பண்பு. ஆணையில் வர வேண்டியது வரும் நேரமும் போகும் நேரமும்தான்.

கல்லாற்றுத் திட்டத்தில் என்ன இருக்கும்?

கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அங்குள்ள நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்கிறது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. எனவே, கல்லாற்றில் வளரும் குழந்தைக்கு நெடுமங்காடு குடும்பநல நீதிமன்றம். தந்தை ஒவ்வொரு வாய்தாவுக்கும் செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு என்று மலையைச் சுற்றி வர வேண்டும். வழக்கு நீள்வதால் யாருக்கு இழப்பு என்பது தெளிவு. எனவே, எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு அவருக்குக் காரணம் உண்டு. தாய்க்கும் உண்டு: அழைத்துச் சென்ற குழந்தை ஞாயிறு மாலை திரும்பி வருமா என்ற அச்சத்துடன் ஆற்றங்கரையில் காத்திருக்க எந்தத் தாயும் விரும்பமாட்டார்.

முதலில் நாள்காட்டி. கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே கோடை விடுமுறை. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்து நாள்கள் அளவில் விடுமுறை. ஓணம் தாய் வீட்டுப் பண்டிகை. அதில் தந்தை கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை தந்தையிடம். பொங்கல்? திருவனந்தபுரம் உள்ளிட்ட, தமிழர் வாழும் சில மாவட்டங்களுக்குப் பொங்கலன்று கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. ஆனால் ஒரு நாள்தான். அம்பாசமுத்திரம் போய்ப் பொங்கலிட்டுத் திரும்ப ஒரு நாள் போதாது. ஆகவே, பொங்கலை ஒட்டி வரும் வார இறுதி தந்தைக்கு என்று எழுதி வைப்பது நல்லது. தீபாவளி ஓராண்டு ஒருவரிடம், மறு ஆண்டு மற்றவரிடம். கோடை விடுமுறையைப் பாதியாகப் பிரிக்கலாம். ஏழு வயதுக் குழந்தை ஒரு மாதம் முழுவதும் தாயைப் பிரிந்திருக்க இயலாது என்றால் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை மாற்றலாம்.

வழக்கமான வார இறுதி வேறு. மாதம் இருமுறை, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தொடங்கி ஞாயிறு மாலை வரை என்று எழுதலாம். இரு ஊர்களுக்கும் நடுவே, எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள ஓர் இடத்தில், செங்கோட்டை ரயில் நிலையம் போன்ற இடத்தில், கைமாற்றலாம். யார் எதுவரை அழைத்து வருவது, எத்தனை மணி நேரம் காத்திருப்பது, பெற்றோர் வர இயலாவிடில் வேறு யார் வரலாம் ஆகியவையும் எழுதப்பட வேண்டும். 'யாராவது வந்து கூட்டிக்கொள்வார்கள்' என்ற ஒரு தொலைபேசித் தகவலால் முறிந்த ஏற்பாடுகள் எத்தனையோ.

மழைக்கென ஒரு விதி கல்லாற்றுக்குக் கட்டாயம் வேண்டும். பொன்முடிப் பாதையில் பெருமழைக் காலத்தில் மண் சரிவதும், ஆற்றில் திடீரென வெள்ளம் வருவதும் புதிதல்ல. பாதை மூடப்பட்டதால் தவறிய வார இறுதிக்கு அடுத்த மாதத்துக்குள் ஈடு உண்டு என்று ஒரு வரி இருந்தால், 'வேண்டுமென்றே அனுப்பவில்லை' என்ற மனு பிறக்காது. நகரத்தில் அச்சிட்ட படிவத்தில் இந்த வரி இருக்காது. ஊரை அறிந்து எழுதும் திட்டத்தில்தான் இருக்கும்.

அடுத்தது முடிவெடுக்கும் உரிமை. பலரும் மறப்பது இதைத்தான். யாரிடம் உறங்குவது என்பதைவிட, எந்தப் பள்ளி, எந்த மொழி, எந்த அறுவைச் சிகிச்சை என்பவற்றை யார் முடிவு செய்வது என்பது நீண்ட கால விளைவு உடையது. அன்றாடச் சிறு முடிவுகள் அப்போது குழந்தையை வைத்திருப்பவரிடம். பள்ளி மாற்றம், பெரிய சிகிச்சை, கடவுச்சீட்டு ஆகியவை இருவரும் சேர்ந்து என்று பிரிப்பது நடைமுறைக்கு உகந்தது. கல்லாற்றுச் சிறுமி மலையாள வழியில் படிப்பாள். அம்பாசமுத்திரத்துப் பாட்டிக்கு மலையாளம் தெரியாது. வாரத்தில் சில மணி நேரம் தமிழ் எழுதப் படிக்கப் பழக்குவது என்று இருவரும் ஒப்புக்கொண்டால், அது தாத்தா - பாட்டிக்கான நேரம் என்று சட்ட ஆணையம் சொன்னதன் உண்மையான உள்ளடக்கம் ஆகும். பேச்சு மொழி இல்லாமல் பார்க்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டி என்ன செய்வார்?

கடவுச்சீட்டைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. ஒரு பெற்றோர் வெளிநாடு போகும்போது குழந்தையையும் அழைத்துச் சென்று திரும்பாவிடில் என்ன செய்வது என்பதற்கு இந்தியாவில் எளிய வழி இல்லை. குழந்தைகள் கடத்தல் தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சேர வேண்டும் என்று 2009-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2016-இல் வரைவு மசோதாவும் தயாரானது. வெளிநாட்டில் கணவரின் கொடுமையிலிருந்து குழந்தையுடன் தப்பி வரும் இந்தியப் பெண்களின் நிலை என்னவாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. உடன்படிக்கையில் சேரும் முயற்சி அத்துடன் நின்றது. அந்த எதிர்ப்பைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால், வெளிநாட்டுப் பயணத்துக்கு எத்தனை நாள்களுக்கு முன் தகவல் தர வேண்டும், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், திரும்பும் பயணச்சீட்டைக் காட்ட வேண்டுமா என்று திட்டத்தில் எழுதிக்கொள்ள எந்த உடன்படிக்கையும் தேவையில்லை.

செலவு குறித்து விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக் கட்டணம், மருத்துவம், பயணம் மூன்றையும் தனித்தனியே எழுதி, யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று குறிப்பிட்டால் போதும். ஒன்று மட்டும்: பணம் தராததால் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்பதும், காட்டாததால் பணம் தர மாட்டேன் என்பதும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக்கூடாதவை. இதைத் திட்டத்திலேயே எழுதிவிடலாம். குழந்தைக்கான தொகை 18 வயதுடன் நின்றுவிட வேண்டியதில்லை. படிப்பைக் கருதி 25 வயது வரை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னதையும் நினைவில் கொள்ளலாம்.

கடைசியாக, மறுஆய்வு. ஏழு வயதுக்கு எழுதிய திட்டம் பன்னிரண்டு வயதுக்குப் பொருந்தாது. பராமரிப்பு ஆணைகள் என்றைக்கும் இறுதியானவை அல்ல. சூழல் மாறினால் மாற்றக்கூடியவை என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட நிலை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது. ஒத்துவராவிட்டால் முதலில் சமரசர், பிறகே நீதிமன்றம் என்று எழுதி வைத்தால் பாதிச் சண்டை மிச்சம். குழந்தை வளர வளர அவளையும் கேட்க வேண்டும். யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்டுக் குழந்தையைத் தர்மசங்கடத்தில் நிறுத்துவது வேறு. சனிக்கிழமை நடன வகுப்பு தவறாமல் இருக்க வழி உண்டா என்று கேட்பது வேறு.

எங்கே பொருந்தாது?

இவையெல்லாம் இருவரும் அச்சமின்றி ஒரு மேசையில் உட்காரக்கூடிய குடும்பங்களுக்கு. அடி உதைக்கு அஞ்சி வெளியேறிய பெண்ணிடம் 'இருவரும் கலந்து முடிவெடுங்கள்' என்பது அவரை மீண்டும் அதே மேசைக்கு அழைப்பதாகும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, தற்காலிகப் பராமரிப்பைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்கவும், எதிர்மனுதாரர் குழந்தையைப் பார்ப்பது தீங்காகும் என்று கருதினால் அதை மறுக்கவும் நடுவருக்கு அதிகாரம் தருகிறது. வளர்ப்புத் திட்டம் கட்டாயமாக்கப்படுமானால் இத்தகைய வழக்குகளுக்கு விலக்கு இருக்க வேண்டும் என்ற பெண்கள் அமைப்புகளின் கோரிக்கை நியாயமானது. ஜீவனாம்சத்தைக் குறைப்பதற்காகவே சிலர் கூட்டுப் பராமரிப்பு கேட்கின்றனர் என்ற குற்றச்சாட்டையும் சட்டம் இயற்றுவோர் கவனிக்க வேண்டும்.

மறுபுறம், காலதாமதத்தால் தந்தையரும் சில தாய்மாரும் இழப்பது சிறிதன்று. மூன்று வயதில் பிரிந்த குழந்தைக்கு வழக்கு முடியும்போது எட்டு வயது. இப்போது இருக்கும் இடத்திலிருந்து பெயர்க்க வேண்டாம் என்று நீதிமன்றம் தயங்கும். அந்தத் தயக்கமும் குழந்தையின் நலனுக்காகவே. தாமதம் செய்தவருக்கு அது பரிசாகவும் முடிகிறது. குழந்தையின் மனத்தில் ஒரு பெற்றோருக்கு எதிராக வெறுப்பை வளர்ப்பதன் கேட்டை உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு வழக்கில் விரிவாகவே பேசியது.

நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உள்ளது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை ஒரே மாதிரியான பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, படிவத்தையும் தீர்ப்புடன் இணைத்தது. நாடு முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. பணத்துக்கு ஒரு படிவம் இருக்க முடியுமானால் குழந்தையின் நாள்களுக்கும் இருக்க முடியும். மும்பையில் உருவாக்கப்பட்ட குழந்தை பராமரிப்பு நெறிமுறைகளையும் மாதிரித் திட்டத்தையும் இமாசலப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்களின் உயர் நீதிமன்றங்கள் ஏற்றுக் குடும்பநல நீதிமன்றங்களுக்கு அனுப்பியதும் உண்டு.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே சட்டம் ஆறு மாதங்களை வைத்துள்ளது. தம்பதியர் மனம் மாறக்கூடும் என்ற நம்பிக்கையில் 1976-இல் வந்த ஏற்பாடு. தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, காத்திருப்பதைத் தவிர்க்கவே பலரும் முயல்கின்றனர். குழந்தை உள்ள தம்பதியர் அந்த ஆறு மாதங்களைத் திட்டம் எழுதப் பயன்படுத்தினால் அது வீணான காலம் ஆகாது. எழுதியபடி இரண்டு மூன்று மாதங்கள் நடந்து பார்த்து, ஒத்துவராத வரிகளைத் திருத்திக்கொள்ளவும் முடியும்.

இதற்கு உதவ வேண்டியவர்களும் சட்டத்திலேயே இருக்கின்றனர். 1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, இணக்கத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்தைப் பணிக்கிறது. 6-ஆவது பிரிவு ஆலோசகர்களை நியமிக்கவும், 12-ஆவது பிரிவு மருத்துவ, சமூக நல நிபுணர்களின் துணையைப் பெறவும் வழிவகுக்கிறது. வழக்கறிஞர் மூலமே பேச வேண்டும் என்பதும் அந்த நீதிமன்றத்தில் இல்லை. இருவரும் கையொப்பமிட்ட திட்டத்தைச் சமரச உடன்பாடாகத் தாக்கல் செய்து, ஆணையின் பகுதியாக்கும்படி கோரலாம். ஆணையில் சேர்ந்த பிறகே அதற்கு அமலாக்கும் வலு வரும். இருவரிடையே மடித்து வைத்துக்கொண்ட தாளுக்கு அது இல்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி உதவி எண் 15100. வட்ட அளவிலும் சட்டப் பணிகள் குழுக்கள் உள்ளன. கல்லாற்றிலிருந்து செல்வோருக்கு நெடுமங்காடே வட்டத் தலைநகர்.